ஸ்பெக்பூம்: தமிழில் யானைப்பசலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழர் வீட்டு வாசல் தொட்டிகளிலும் ஸ்பெக்பூம் செடி நிற்கிறது. தமிழ்ப் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

ஸ்பெக்பூம், தென்னாப்பிரிக்க மொழிகளில் ஒன்றான அஃப்ரிகான்ஸ் சொல். ‘ஸ்பெக்’ பன்றிக் கொழுப்பு, ‘பூம்’ மரம். தடித்த, சதைப்பற்றுள்ள இலைகளால் வந்த பெயர். அப்படியே தமிழாக்கினால் ‘கொழுப்பு மரம்’. கொழுப்பு என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செடி என்ன பாவம் செய்தது?

தாவரவியலில் போர்ச்சுலகாரியா ஆஃப்ரா. போர்ச்சுலகா என்பது நம் பருப்புக்கீரை, தரைப்பசலை இனம். அதைப் போன்றது, ஆப்பிரிக்காவுக்கு உரியது என்பதே பெயரின் பொருள். முன்பு பருப்புக்கீரைக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போது டிடியரேசியே குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் பழைய உறவைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து வறண்ட புதர்க்காடுகளில் இது 2 முதல் 5 மீட்டர் வரை வளரும். அடோ யானைப் பூங்காவில் யானைகளுக்கு இது முக்கியத் தீனி. யானை மேலிருந்து ஒடித்துத் தின்னும். தரையில் படிந்த அடிக்கிளைகள் தப்பி, வேர்விட்டுப் பரவும். ஆடு அப்படியில்லை. அடியிலிருந்தே மேய்ந்துவிடும், அப்புறம் புதர் தழைப்பது கஷ்டம்.

இலையை மனிதரும் தின்னலாம். காலையில் பறித்தால் நல்ல புளிப்பு. சாயங்காலம் அதே கிளையில் புளிப்பு மட்டுப்பட்டிருக்கும். நீர் வீணாகாமலிருக்க, வறட்சியில் இந்தச் செடி இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் அதைச் செலவழித்து உணவாக்கும். அதனால் ‘புளிப்பசலை’ என்று பெயர் வைத்தால் அதுவும் பாதி நாளுக்குத்தான் சரி.

என் தேர்வு ‘யானைப்பசலை’. செடிப்பெயரில் ‘யானை’ வந்தால் தமிழில் ‘பெரியது’ என்று பொருள்; நெருஞ்சிலைவிடப் பெரியது யானை நெருஞ்சில். தரையோடு படரும் பசலைக்கு முன்னால் இதுவும் பெரியதுதான். யானை தின்பதும் உண்மை. ஆங்கிலத்திலும் யானைத்தீனி என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு.

கடைகளில் ‘ஜேட்’ என்றும் இதை விற்பார்கள். அசல் ஜேட் செடி கிராசுலா ஓவாட்டா, வேறு இனம். அதன் இலை பெரியது, தண்டு பருத்துச் சாம்பல் பச்சையாக இருக்கும். யானைப்பசலைக்கு இலை விரல்நகம் அளவுதான், இளந்தண்டு செம்பழுப்பு. துவையலுக்குப் பறிக்குமுன் தண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேட் இலை சமையலுக்கு ஆகாது.