புகார் மனுவின் தலைப்பில் 'பிச்சைக்காரர்' என்று எழுதாதீர்கள்

மாவட்டத் தலைநகர் ஒன்றின் பேருந்து நிலையத்தை ஒட்டி ஜவுளிக்கடை நடத்துபவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் காவல் நிலையத்தில் கொடுப்பதற்காக எழுதிய மனுவுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். "பொருள்: பிச்சைக்காரர்கள் தொல்லை தொடர்பாக" என்று தொடங்கிய அந்த மனுவில் மூன்று பேரைப் பற்றிய குறை இருந்தது. இருவர் வாலிபர்கள், கடைக்கு வரும் பெண்களை வாசலிலேயே மறித்து, காசு இல்லை என்று சொன்ன பிறகும் பின்தொடர்ந்து, ஒருமுறை ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் கடைக்கு எதிர்ச்சுவரின் நிழலில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூதாட்டி. அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை சார், ஆனால் அவரும் பிச்சைக்காரர்தானே" என்றார்.

அந்த மனு அப்படியே போயிருந்தால் முதலில் மாட்டக்கூடியவர் அந்த மூதாட்டிதான். நம்மிடையே நடைமுறையில் உள்ள சட்டத்தின் அமைப்பு அப்படிப்பட்டது.

பிச்சையெடுத்தலுக்கென்று இந்தியா முழுமைக்குமான தனிச் சட்டம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் உள்ளது, விடுதலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1945இல், சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். மகாராஷ்டிரத்தில் உள்ளதும் பிற்பாடு டெல்லிக்கு நீட்டிக்கப்பட்டதும் 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம். இவற்றில் பம்பாய்ச் சட்டத்தின் வரையறையை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்: பொது இடத்தில் தருமம் கேட்பதோ பெறுவதோ பிச்சையெடுத்தல், பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது, பொருள் விற்பது போன்ற எந்தச் சாக்கில் கேட்டாலும் பிச்சையெடுத்தல், புண்ணையோ ஊனத்தையோ காட்டுவது பிச்சையெடுத்தல், பிழைப்புக்கான வழி வெளிப்படையாகத் தெரியாமல் பொது இடத்தில் சுற்றித் திரிவதும், இருப்பதுகூட, தருமம் கேட்டே வாழ்கிறார் என்று கருதத் தக்க நிலையில் பிச்சையெடுத்தல். நம் ஊர்ப் பூம்பூம் மாட்டுக்காரரும், குடுகுடுப்பைக்காரரும், சாட்டையடித்துக்கொள்பவரும் இந்த வரையறைக்குள் ஒரு சொல் மாறாமல் பொருந்திவிடுவார்கள். அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 15ஆவது இனம் 'திரிந்து வாழ்தல்' என்பதையும் நாடோடிப் பழங்குடிகளையும் ஒரே வரியில் வைத்திருப்பது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரையறையில் இல்லாத ஒன்று, கேட்கும் முறை. அதட்டிக் கேட்பவரும் தட்டை வைத்துவிட்டு மௌனமாக அமர்ந்திருப்பவரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சான்றளிக்கப்பட்ட இல்லத்தில் அடைத்து வைக்கலாம். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் அது பத்தாண்டு வரை நீளலாம்.

2018 ஆகஸ்ட் 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில், அப்போது பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்த கீதா மித்தலும் நீதிபதி ஹரி சங்கரும் அடங்கிய அமர்வு, டெல்லிக்குப் பொருந்தும் அளவில் இந்தக் கைது, காவல் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அந்த அமர்வின் தலைமை நீதிபதியும் கீதா மித்தல்தான். டெல்லித் தீர்ப்பு விட்டுவைத்த பிரிவுகளில் முக்கியமானது 11ஆவது பிரிவு: பிறரைப் பிச்சையெடுக்க வைத்து, அந்த வருவாயில் பிழைப்பவர்களைத் தண்டிக்கும் பிரிவு. கட்டாயப்படுத்திப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பல்களை ஒடுக்க அரசு புதிய சட்டம் கொண்டுவரத் தடையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில் சாலைச் சந்திப்புகளிலிருந்து யாசகர்களை அகற்றக் கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், வேறு வழியில்லாமல் தெருவுக்கு வந்தவர்களை மேட்டிமைப் பார்வையோடு அணுக முடியாது என்று சொல்லிவிட்டது. ஆயினும் ஓர் உயர் நீதிமன்றம் ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பற்றிக் கூறுவது, வேறொரு மாநிலத்தின் சட்டத்தைத் தானாக அழித்துவிடாது. தமிழ்நாட்டுச் சட்டம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

'தொல்லை தரும் யாசகம்' என்ற வகையைத் தனியே பிரித்துப் பார்த்தவை பெரும்பாலும் அமெரிக்க நகர மன்றங்கள். மறுத்த பிறகும் பின்தொடர்வது, உடலைத் தொடுவது, வழியை மறிப்பது, மிரட்டும் சொல் பேசுவது, ஏ.டி.எம். வாசலில் நின்று கேட்பது என்று நடத்தையை வரையறுத்துத் தடை செய்யும் உள்ளூர் விதிகள் அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றிலும் நடத்தையை விட்டுவிட்டுப் பேச்சின் மீது கை வைத்தவை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம், தன் நகர மையத்தில் உடனே பணம் தரும்படி வாயால் கேட்பதைத் தடை செய்து, பலகை பிடித்துக் கேட்பதை அனுமதித்திருந்தது. 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கியது. ஐரோப்பாவில், ஜெனீவா நகரத் தெருவில் யாசகம் கேட்ட ருமேனிய ரோமா பெண் ஒருவருக்கு 500 பிராங்கு அபராதமும், கட்டத் தவறியதால் ஐந்து நாள் சிறையும் விதிக்கப்பட்டதை, 2021 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தவறென்றது. யாரையும் தொல்லை செய்யாதவரையும் ஒரே வலையில் பிடிக்கும் முழுத் தடையையே அந்த நீதிமன்றம் குறையாகக் கண்டது.

நம் நாட்டில் அண்மைக்காலமாக இந்த வேலையைச் சட்டமன்றங்கள் செய்வதில்லை. காவல் ஆணையர்களும் ஆட்சியர்களும் தடையாணை வழியாகச் செய்கிறார்கள். 2023இல் நாக்பூரிலும் 2024இல் புனேயிலும், சிக்னல்களிலும் வீட்டு விசேஷங்களிலும் திருநங்கையர் வற்புறுத்திப் பணம் கேட்பதற்குத் தடையாணை பிறப்பிக்கப்பட்டது. நடத்தையைக் குறிவைக்க வேண்டிய ஆணை ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கி வருவது எனக்கு ஏற்புடையதன்று. அதே செயலை வேறொருவர் செய்தால் அந்த ஆணைக்கு அவர் யார்? இந்தூரில் 2025 ஜனவரி முதல், யாசகம் கொடுப்பவர் மீதே வழக்கு என்ற நிலை வந்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான, 2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவாகவும் அதன்பின் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவாகவும் இருக்கும் அதிகாரம், உடனடி ஆபத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. அதன் கீழான ஆணை இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது, மாநில அரசு நீட்டித்தாலும் கூடுதலாக ஆறு மாதமே.

அப்படியானால் அந்த ஜவுளிக்கடைக்காரர் என்ன செய்வது? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'யாசகம்' என்ற சொல்லைத் தொடாமலேயே அவருக்கு வேண்டியது கிடைக்கிறது. ஒருவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் மறிப்பது 126ஆவது பிரிவின்படி ஒரு மாதம் வரை வெறுங்காவலோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பெண்ணின் மாண்பைக் குலைக்கும் வகையில் கையைப் பிடித்து இழுத்தால் 74ஆவது பிரிவு. தீங்கு செய்வேன் என்ற அச்சத்தை ஊட்டிப் பணம் வாங்கினால் 308ஆவது பிரிவின் கீழ் மிரட்டிப் பறித்தல். பலருக்கும் தெரியாத ஒன்று 354ஆவது பிரிவு: சொன்னபடி செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைச் செயல்படத் தூண்டுவதும் குற்றமே. சாபம் விட்டுக் காசு பறிப்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிடவில்லை.

இவற்றில் ஓர் ஓட்டை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தொடாமல், மறிக்காமல், மிரட்டாமல், இல்லை என்ற பிறகும் அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே நச்சரித்துக்கொண்டு வருபவரை இப்பிரிவுகள் எளிதில் பிடிக்காது. அந்த ஒரு நடத்தைக்கு மட்டும், யார் செய்தாலும் பொருந்தும்படி, இரண்டு வரியில் ஓர் உள்ளாட்சி விதி இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுப்பது அதற்கு மாற்றாகாது.

குழந்தைகள் கையேந்தும்போது கணக்கு முற்றிலும் வேறு. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி பிச்சையெடுக்கும் குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றவாளி அன்று. அக்குழந்தையை ஏவியவருக்கு 76ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்தினால், நியாய சன்ஹிதாவின் 139ஆவது பிரிவின்படி பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல். இங்கே கடைக்காரர் அழைக்க வேண்டிய எண் 1098.

அவருடைய மனுவை அன்றே திருத்தி எழுதினோம். தலைப்பு, "கடை வாசலில் வாடிக்கையாளர்களை வழிமறித்துத் தொல்லை செய்தல் தொடர்பாக" என்று மாறியது. நாள், நேரம், யார் கையைப் பிடித்தார்கள், அப்போது உடனிருந்தவர் யார், கண்காணிப்புக் கேமராப் பதிவு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பவை வரிசையாக இடம்பெற்றன. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மூதாட்டியைப் பற்றிய பத்தியை அவரே பேனாவை வாங்கி அடித்தார். அடித்துவிட்டு, அந்த மூதாட்டிக்கு முதியோர் ஓய்வூதியத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்டார். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும் வழியைச் சொன்னேன்.