உங்கள் .22 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

"சார், ஈலி டெனெக்ஸ் வாங்கிக் கொடுத்தா பையனுக்கு ஸ்கோர் ஏறுமா?"

மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டி நெருங்கும்போது, பயிற்சி கொடுக்கும் என்னிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. டெனெக்ஸ் என்பது ஈலி கம்பெனியின் மிக உயர்ந்த தரத் தோட்டா. கேட்பதில் தவறே இல்லை. ரைஃபிள், ஜாக்கெட், கையுறை, ஷூ என்று ஏற்கெனவே கையைக் கடித்துச் செலவழித்தவர்கள். இன்னொரு செலவில் மெடல் வருமென்றால் அதையும் செய்துவிடலாமே என்ற ஆசைதான். நான் பதில் சொல்வதற்கு முன், பையன் கடைசியாகச் சுட்ட சில டார்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்வேன்.

50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டு வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் டார்கெட் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். 10.0 முதல் 10.9 வரை எல்லாம் அந்த 8 மி.மீ.க்குள்தான் அடங்குகிறது, ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.8 மி.மீ. குரூப் என்பது, சுட்ட துளைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டுக்கு இடையிலுள்ள தூரம். ஆகவே துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து, மையத்துக்கு மையம் 16 மி.மீ. குரூப் தந்தால், சுடுபவர் ஆடாதவரை எல்லாமே பத்து.

ஆனால் மனிதர் ஆடுவார். அந்த ஆட்டமும் தோட்டாவின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்தான் டார்கெட்டில் வருவது ஏறக்குறையக் கிடைக்கும். படுத்துச் சுடும்போது 45 மி.மீ. குரூப் வைக்கிற ஒரு புதிய மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. சிதறும் சாதாரணத் தோட்டாவில் அவனுடைய மொத்தக் குரூப் 49 மி.மீ. 14 மி.மீ. சிதறும் உயர்ந்த தோட்டாவில் 47. பல மடங்கு விலை கொடுத்து வாங்கியது 2 மி.மீ. அதே தோட்டாக்களை, 12 மி.மீ.க்குள் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் 23 மி.மீ. 18 ஆகச் சுருங்குகிறது. அவருக்கு அது முழுசாகச் சில பத்துகள்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு வீராங்கனை சிஃப்ட் கௌர் சம்ரா 50 மீட்டர் மூன்று நிலை (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) இறுதிச் சுற்றில் 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். 45 குண்டு, சராசரி 10.4-க்கு மேல், அதுவும் நின்று சுட்டதையும் சேர்த்து. அந்த உயரத்தில் தோட்டா விஷயத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் பிள்ளை அந்த உயரத்துக்குப் போகட்டும். ஆனால் போகும் வழியில், முதல் ஒன்றிரண்டு வருடம், அந்தப் பணத்தை அதிக எண்ணிக்கையில் சாதாரணத் தோட்டா வாங்கச் செலவழிப்பதே நல்லது. எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் போன்ற தரத்தில் கிடைப்பதை வைத்துச் சுட்டுப் பழகட்டும். ட்ரிகர் பிடிப்பும் மூச்சும் அதில்தான் வரும்.

சரி, குரூப் சுருங்கிவிட்டது, இப்போது தோட்டா தேடும் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "எந்த பிராண்ட் சார் பெஸ்ட்?" என்று கேட்காதீர்கள்.

.22 போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் பற்றும்) தோட்டாவின் அமைப்பே இந்தக் கேள்வியைப் பொய்யாக்குகிறது. பெரிய ரைஃபிள் தோட்டாவில், தீ பற்றவைக்கும் பிரைமர் தனியாக நடுவில் இருக்கும். காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பி, வெடிமருந்தை நாமே அளந்து போட்டு, நம் துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம். .22-இல் அது நடக்காது. பற்றவைக்கும் கலவை கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள்ளே, ஈரமாக இருக்கும்போதே சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கும்போது தீ பிடிக்கிறது. மடிப்பின் ஒரு பக்கம் கலவை கூடி இன்னொரு பக்கம் குறைந்தால் பற்றும் வேகம் மாறும். குண்டின் வேகமும் மாறும். 1887-இல் வந்த .22 லாங் ரைஃபிளின் அடிப்படை இன்றும் இதுதான். நாம் எதையும் சரிசெய்ய முடியாது. தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும்.

வேகம் மாறினால் என்ன ஆகும்? விநாடிக்கு 320 மீட்டரில் கிளம்பும் குண்டையும் 330 மீட்டரில் கிளம்பும் குண்டையும் ஒப்பிட்டால், 50 மீட்டரில் இரண்டும் விழும் உயரத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. வித்தியாசம் வரும். பத்து வளையத்தின் விட்டத்தில் பாதிக்கு மேல், வெறும் வேக வித்தியாசத்திலேயே போய்விடுகிறது. டார்கெட்டில் குரூப் மேலும் கீழுமாக நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருந்தால் முதலில் தோட்டாவைச் சந்தேகியுங்கள். பக்கவாட்டில் நீண்டால் காற்றையும் ட்ரிகர் விரலையும் பாருங்கள்.

இதே இடத்தில் ஹை வெலாசிட்டி தோட்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஸ்பீடா போனா காத்து தள்ளாதுல்ல சார்?" என்று பல பேர் கேட்கிறார்கள். .22-இல் நடப்பது தலைகீழ். போட்டிக்கென்று செய்யும் மேட்ச் தோட்டா விநாடிக்கு ஏறக்குறைய 320–330 மீட்டரில் கிளம்புகிறது. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் 350 மீட்டர். எனவே அது கடைசிவரை ஒலி வேகத்துக்குக் கீழேயே அமைதியாகப் போகிறது. 380 மீட்டரில் கிளம்பும் ஹை வெலாசிட்டி குண்டோ 50 மீட்டரைத் தொடுவதற்குள் ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் காற்றின் தடை மிக அதிகம். குண்டின் ஓட்டமும் குலைகிறது. பக்கக் காற்று ஒரு குண்டைத் தள்ளும் தூரம், வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வேகமான .22 குண்டு காற்றில் அதிகமாக நகர்கிறது. டார்கெட் சுடுவதற்கு அது வேண்டவே வேண்டாம்.

இப்போது லாட் எண். பெட்டியின் மடிப்பிலோ பக்கவாட்டிலோ சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. ஒரே மெஷினில், ஒரே ஈயம், ஒரே மருந்து, ஒரே மெழுகு கொண்டு ஒரே ஓட்டத்தில் செய்தவை ஒரு லாட். பெரிய நிறுவனங்கள் பல தரங்களை ஒரே மாதிரிதான் தயாரிக்கின்றன. பிறகு தங்கள் சோதனைக் குழல்களில் சுட்டுப் பார்த்து, நன்றாக வந்ததை உயர்ந்த பெயரிலும் மற்றதை அடுத்த பெயரிலும் விற்கின்றன. அவர்கள் சுட்டது அவர்களுடைய குழலில். உங்கள் குழலின் உட்பரப்பும், தோட்டா உட்காரும் சேம்பரும், முனையும் வேறு. அதனால் லாபுவா சென்டர்-எக்ஸின் ஒரு லாட், உங்கள் ரைஃபிளில் அதே கம்பெனியின் உயர்ந்த தரமான மிடாஸ் பிளஸ்ஸின் ஒரு லாட்டைத் தோற்கடிக்கலாம். நான் இதை ரேஞ்சில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரே மாடல் ஆன்ஷுட்ஸ் ரைஃபிள்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்து லேனில் இருக்கும். ஒன்று விரும்பும் லாட்டை மற்றது துப்பிவிடும்.

வெளிநாட்டு வீரர்கள் இதற்காகவே ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாபுவா சோதனை நிலையத்துக்கும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள ஈலிக்கும் துப்பாக்கியோடு போகிறார்கள். ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டையை) கழற்றிவிட்டு, ரைஃபிளை இரும்புப் பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, கம்ப்யூட்டரில் குரூப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லையென்றாலும் அதன் முறையை இங்கேயே கடைப்பிடிக்கலாம்.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். விடிந்ததும் ரேஞ்ச் திறந்து, காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். கோவைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இதற்கு இடமே கொடுக்காது. அந்த மாதங்களில் நான் தோட்டா சோதனை வைப்பதில்லை. ரைஃபிளின் முன்பக்கம் ஒரு மணல் மூட்டையிலும் பின்பக்கம் இன்னொன்றிலும் உட்கார வேண்டும். ஸ்டாக் திருகுகளின் இறுக்கத்தை, அதை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு லாட் ஒன்று. முதல் பதினைந்து, இருபது குண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு தோட்டாவிலும் தடவியிருக்கும் மெழுகு வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிந்து நிலைக்கும்வரை குரூப் அலையும். இந்த ஒன்றைத் தவிர்ப்பதால்தான் நல்ல தோட்டாக்கள் பல நம் ஊரில் அநியாயமாகத் தள்ளப்படுகின்றன.

அதன் பிறகு பத்துப் பத்தாக நான்கு குரூப். ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீர்கள். மோசமான லாட்டும் அதிர்ஷ்டத்தில் ஓர் அழகான ஐந்தைக் கொடுக்கும். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, மறுநாள் மொத்தப் பணத்தையும் அதில் போடுகிறவர்கள் உண்டு. நான்கு குரூப்பில் எது மிகச் சிறியது என்று பார்க்காமல், எது மிகப் பெரியது என்று பாருங்கள். போட்டியில் உங்களைக் கவிழ்ப்பது அந்தப் பெரிய குரூப்தான். தனியாக விலகி விழும் ஒரு குண்டையும் "அது நான் இழுத்துட்டேன் சார்" என்று கழிக்காதீர்கள். மூட்டையில் வைத்துச் சுடும்போது இழுப்பதற்கு இடம் குறைவு. எல்லா லாட்டும் முடிந்ததும் முதல் லாட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி ஒரு பத்து சுட வேண்டும். அதன் குரூப் இப்போது பெரிதாகிவிட்டது என்றால், இடையில் காற்றோ வெளிச்சமோ உங்கள் கண்ணோ மாறிவிட்டது. அன்றைய முடிவை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் செய்யுங்கள்.

விளிம்பின் தடிமனை கேஜ் வைத்து அளந்து பிரிப்பது, தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பது போன்றவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேட்ச் தோட்டாவில் அந்த வேலையைத் தொழிற்சாலையே முடித்திருக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் ஒரு லாட்டைச் சோதிக்கலாம்.

"லாட் கெட்டுப்போச்சு சார், திடீர்னு ஒன்பதா விழுது" என்று ஒருவர் வந்தால், நான் முதலில் சேம்பரைப் பார்ப்பேன். கூட்டின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் கருப்பாக ஒரு கரி வளையம் கெட்டியாகப் படிந்திருக்கும். குண்டு குழலுக்குள் நுழையும் இடமே அதுதான் என்பதால் குரூப் அங்கேயே உடைகிறது. பின்பக்கத்திலிருந்து, ராட் குழலில் உரசாமலிருக்கக் கைடு போட்டு, சுத்தம் செய்யும் ராடில் கரைப்பான் நனைத்து ஊறவிட்டுத் துடைத்தால் பழைய குரூப் திரும்பிவிடும். தோட்டாவை மாற்றுவதற்கு முன் இந்த அரை மணி நேர வேலையைச் செய்து பாருங்கள்.

தோட்டாவைக் கையாளும் விதத்தையும் கவனிக்க வேண்டும். குண்டின் மேல் உள்ள மெழுகு பிசுபிசுப்பானது. தரையில் விழுந்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். அதை ஊதிவிட்டு உள்ளே தள்ளினால் அந்த மணல் குழலின் தொண்டையைக் கீறும். விழுந்த தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். ஈயம் மென்மையானது என்பதால் முனையில் நகம்கூடப் படாமல் விளிம்பைப் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்: மெழுகு இளகி ஒழுகும், சூடான மருந்து வேகத்தை மாற்றும், சட்டப்படியும் தோட்டாவை அப்படிக் கவனிப்பாரற்று விடக் கூடாது. போட்டி அன்று பெட்டி நிழலில், ரேஞ்சின் வெப்பத்துக்குப் பழகி இருக்கட்டும். பிள்ளைகள் சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் விஷம்.

ஒரு சின்ன விலக்கு: 25 மீட்டர் பிஸ்டல் சுடுபவர்களுக்கு மேலே சொன்ன குரூப் கணக்கு அவ்வளவு முக்கியமல்ல. அங்கே மேகஸினில் சிக்காமல் ஏறுவதும், ஒவ்வொரு முறையும் ஸ்லைடு முழுசாகத் திரும்புவதும்தான் முதல் தேவை. பிஸ்டலுக்கென்றே வரும் எஸ்.கே. பிஸ்டல் மேட்ச் போன்றவற்றில் தொடங்கலாம்.

நம் ஊரில் பெரும்பாலான மாணவர்கள், தங்கள் துப்பாக்கி சுடும் சங்கம் வாங்கி வைக்கும் தோட்டாவைத்தான் சுடுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் தோட்டா வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. உரிமம் உள்ளவருக்கும் அளவு உண்டு. எனவே சங்கங்களின் கையில்தான் இது இருக்கிறது. தயவுசெய்து, வாங்கும்போது "இருப்பதில் எதையாவது அனுப்புங்கள்" என்று சொல்லாதீர்கள். இரண்டு மூன்று லாட்டுகளிலிருந்து சில பெட்டிகளை முதலில் வரவழைத்து, சங்கத்தின் ரைஃபிள்களிலும் மூத்த மாணவர்களின் ரைஃபிள்களிலும் சோதித்து, அதிக துப்பாக்கிகள் ஏற்கும் லாட்டை ஒரு சீசனுக்குப் போதுமான அளவு வாங்குங்கள். ஒரு லாட் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதே பெயரில் அடுத்து வருவது வேறு தோட்டா. அலமாரியில் லாட் வாரியாக அடுக்குங்கள். கொடுக்கும் பதிவேட்டில் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் லாட் எண்ணையும் எழுதுங்கள். மாணவர்களும் தங்கள் ஸ்கோர் நோட்டில் தேதி, வெப்பம், காற்று ஆகியவற்றோடு லாட் எண்ணைக் குறித்து வரட்டும். கையிருப்பு கால்வாசிக்கு இறங்கும்போதே அடுத்த லாட்டுக்கான சோதனையை வைத்துவிடுங்கள். பழைய லாட் கையில் இருந்தால்தான் புதியதை அதோடு பக்கத்தில் வைத்துச் சுட்டு ஒப்பிட முடியும்.