தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கினால் பெங்களூரில் இருக்கும் எங்கள் கார் பட்டறைக்கு ஒரே மாதிரி போன்தான் வரும். "அண்ணா, அப்பாவோட ஃபியட் ரொம்ப வருஷமா ஷெட்லயே நிக்குது. பூஜைக்கு வெளிய எடுக்கணும். ஒரு பேட்டரி மட்டும் கொண்டாந்து மாட்டிடுங்க." அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

இந்த முறை காக்ஸ் டவுனில் ஒருவர் போன்கூடச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு, பல வருடம் நின்ற பத்மினி காரை அவரே செல்ஃப் அடித்து, அதாவது சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓடவிட்டு, கிளப்பிவிட்டார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது. பிரேக்கை மிதித்தார், பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. கேபிள் கொடுத்த அதே வீட்டின் கேட்டில் மோதித்தான் வண்டி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரம் அது. "எஞ்சின் சூப்பரா இருந்துச்சே அண்ணா, எப்படி?" என்று என்னிடம் கேட்கிறார்.

எஞ்சின் ஓடுவதற்கும் வண்டி நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்டார்ட் ஆனது என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது, கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான். பிரேக், டயர், ஸ்டீயரிங், ரேடியேட்டர் எதைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'டுர்ர்' என்று சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரும் கை தட்டுகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், அடுத்த நிமிடம் வண்டி கேட்டைத் தாண்டிவிடுகிறது.

எஞ்சினுக்கும் அது நல்லதில்லை. வருடக் கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் முழுக்க வடிந்து அடியில் போயிருக்கும். சிலிண்டர் சுவர் காய்ந்து லேசாகத் துரு பிடித்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் துருவோடு சேர்த்து ரிங்கை உரசுகிறீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் சில ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற விடுங்கள். அப்புறம் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய அம்பாசடரில் ஹேண்டில் போடலாம், மற்றதில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர். சுற்றாவிட்டால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் ஊறட்டும். சுலபமாகச் சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மற்ற வேலைக்கு வாருங்கள். மாருதி 800 போல டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

"நாங்க வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோமே" என்பவர்கள் தனி ரகம். அஞ்சு நிமிடத்தில் எஞ்சின் சூடாவதே இல்லை. புகையோடு வரும் ஈரம் சைலன்சரில் தங்கி அதைத் துருப்பிடிக்க வைக்கும். டைனமோ உள்ள பழைய வண்டியில் ஐடிலில் சார்ஜ் ஏறுவதே அபூர்வம், ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட்கூடத் திரும்பாது. பிரேக்கும் டயரும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுவதானால் பிரேக் பார்த்து, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

சரி, பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருடங்கள் போகப் போக அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உட்சுவரில் பள்ளம் பள்ளமாகத் துரு வைக்கும். ஷெட்டில் மிதித்தால் பெடல் கல் மாதிரி இருக்கும். அதை நம்பி ரோட்டுக்குப் போவீர்கள். நாலைந்து முறை அழுத்தி மிதித்ததும் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பழைய வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு. அதனால் மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றியே பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருக்கிறது என்று எஞ்சின் ஆயிலை ஊற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ரப்பர் எல்லாம் ஊதிப்போய், கைக்காசு ரெண்டு மடங்கு செலவாகும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். ரிவர்ஸ் போட்டு உலுக்கினால் லைனிங் பிய்ந்து வந்துவிடும். டிரம்மைத் தட்டிக் கழற்றுங்கள். இனிமேல் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும். அதன் மேல் புதுசு ஊற்றினால் சரியாகாது, மொத்தத்தையும் இறக்குங்கள். டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். இந்த வேலை நடக்கும் இடத்தில் கற்பூரம், சாம்பிராணி எதுவும் கூடாது. சிரிக்காதீர்கள், நான் தட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும், எஞ்சினுக்கு பெட்ரோல் தள்ளும் பம்பின் டயாஃப்ரமும் இதற்காகச் செய்தவை அல்ல. ஊறி, விரிசல் விட்டு, சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் வண்டி எரியும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், அரை நாள் வேலை. தீயணைப்பான் ஒன்றையும் வண்டியில் வையுங்கள்.

எலி இல்லாத பழைய வண்டியை நான் பார்த்ததில்லை. ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்தால் எலி கட்டிய கூடு நேராக கார்புரேட்டருக்குப் போகும். வயரைக் கடித்திருந்தால் ஷார்ட். சுத்தம் செய்யும்போது வெறும் கையால் அள்ளாதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை. கிளவுஸும் மாஸ்கும் போட்டு, நனைத்துத் துடைக்கவும்.

"டயர்ல பட்டன் அப்படியே இருக்கு அண்ணா." இருக்கட்டும், ரப்பர் பழசாகியிருக்குமே. பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் படியுங்கள். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம் செய்தது. அதைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டெப்னியையும்.

முதல் ஓட்டம் உங்கள் தெருவைச் சுற்றி மட்டும், பகலில், இன்னொருவர் துணையோடு. அடுத்தது அல்சூர் ஏரி வரை போகலாம். ஓசூர் ரோடு மேம்பாலத்தில் ஏறாதீர்கள், நடுவில் நின்றால் ஒதுங்க இடம் கிடையாது. நந்தி மலை கண்டிப்பாக வேண்டாம். இறக்கத்தில் டிரம் பிரேக் சூடானால் பிடிக்காது.

காகித வேலையை யாரும் யோசிப்பதில்லை. ஆர்.சி. பல வீடுகளில் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. படிவம் 31 கொடுத்து மாற்ற வேண்டும். 15 வருடம் முடிந்தபின் ஆர்.சி. அஞ்சு அஞ்சு வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டியை வின்டேஜாகப் பதியலாம், ஆனால் அதைத் தினமும் ஓட்ட அனுமதி இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப் போகாதீர்கள். முதலில் பாலிசி, அதுவரை டோயிங்.

பெயின்ட் எப்போதும் கடைசி. சேசிஸ் நம்பர் மேல் பட்டி போட்டு அழகாகத் தேய்த்துவிடும் பெயின்டர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பது அந்த நம்பரைத்தான். வண்டியைக் கொடுக்கும் முன்பே போட்டோ எடுத்து, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.