இரும்புக் கம்பியில் தெரியாத புகை

"வெளிநாட்டு இரும்புக்கு ஐரோப்பா கார்பன் வரி போடுகிறதாமே, துறைமுகத்தில் இறங்கும் கம்பியைப் பார்த்து, அதைச் செய்தபோது எவ்வளவு புகை போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கம்பியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கரி போட்டுத் தாதுவை உருக்கும் ஊது உலையில் பிறந்த எஃகு, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கிய எஃகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், எது எவ்வளவு புகை கக்கியது என்று கம்பி சொல்லாது. கணக்கு ஆலையிலிருந்துதான் வரவேண்டும்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகளுக்கு உமிழ்வு அனுமதிச் சந்தை ஒன்றை நடத்துகிறது. அதாவது, விடும் ஒவ்வொரு டன் கார்பன் வாயுவுக்கும் ஆலையிடம் ஓர் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும், அந்தச் சீட்டுக்குச் சந்தையில் விலை உண்டு. உற்பத்தி, உமிழ்வுக் கட்டுப்பாடு குறைந்த நாடுகளுக்கு ஓடிவிடக் கூடாது என்று, இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றையும் அந்த விலைக்குள் இழுத்தது. 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்குக் காசும் உண்டு. கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி அவர் நெருக்கப்போவது வளரும் நாட்டு ஆலையைத்தான்.

சரி, புகையை எப்படி அளப்பது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. பெரும்பாலும் புகையை அளக்கவே வேண்டாம்! உலையில் எத்தனை வினை நடந்தாலும் கார்பன் அணு அழியாது. உள்ளே போனதிலிருந்து பொருளாக வெளியே வந்ததைக் கழித்தால், மீதி வானத்துக்குப் போனது.

ஒரு டன் எஃகுக்குக் கற்கரி (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கரி), நிலக்கரி, சுண்ணாம்புக்கல் எல்லாவற்றிலுமாக 600 கிலோ கார்பன் உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். எஃகில் தங்குவது 2 கிலோ என்றால் மீதி 598. கார்பனின் அணு நிறை 12. கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. ஆகவே 598ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2,190 கிலோ. எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள வாயு! அந்த எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் தாதுவிலிருந்தும் வந்த ஆக்சிஜன்.

தாது என்பதே இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்தது. அந்த ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலையையும் இங்கே கார்பனே செய்கிறது. அதனால் உலையை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் வாயு பூஜ்யமாகாது. பழைய இரும்பில் பிடுங்குவதற்குத் துருவைத் தவிர அதிகமில்லை. ஹைட்ரஜனை வைத்துப் பிடுங்கினால் வெளிவருவது நீராவி.

ஆனால் ஒரு டன் நிலக்கரியில் எவ்வளவு கார்பன் என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். அந்த வசதியில்லாத சிறு ஆலைக்கு ஐரோப்பாவே ஒரு பொது மதிப்பை, கொஞ்சம் கூட்டியே வைத்துவிடும். சுத்தமாக உற்பத்தி செய்தாலும் நிரூபிக்க முடியாதவனுக்குத் தண்டனை. பருவநிலை மாநாடுகளுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை இந்த ஆய்வகங்களுக்கும் சரிபார்க்கும் ஆட்களுக்கும் கொடுத்தாலே ஏழை நாடுகள் நிறையத் தப்பிக்கும் என்பது என் கருத்து.

இன்னொரு மனக்குறையும் நியாயமானதே. 1992 பருவநிலை ஒப்பந்தம் பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்றது. இந்தக் கணக்கோ நூறாண்டாகப் புகைவிட்ட நாட்டையும் நேற்று ஆலை கட்டிய நாட்டையும் ஒரே தராசில் நிறுக்கிறது. ஒரே ஆறுதல், சொந்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். அப்போது பணம் உள்ளூர்க் கஜானாவில் தங்கும். இந்தியாவும் 2023இல் கார்பன் வணிகத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

அப்புறம், ஓர் ஓட்டையும் இருக்கிறது. இரண்டு விதமான உலையும் வைத்திருக்கும் நிறுவனம், பழைய இரும்பில் செய்ததை ஐரோப்பாவுக்கும் ஊது உலைச் சரக்கை மற்ற சந்தைகளுக்கும் அனுப்பிவிட்டால், காகிதத்தில் உமிழ்வு இறங்கும். புகைபோக்கியில் ஒரு கிலோகூடக் குறையாது.