போல்ட் முதலில் உடைய வேண்டும்

ஸ்பேனரைத் திருகிக்கொண்டே போகிறோம். போல்ட் இறுகி வருகிறது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தும்போது திடீரென்று கை இளகுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு திருப்பினாலும் இறுகாது. போல்ட்டை வெளியே எடுத்தால் அதன் பற்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியச் சுருள் சிக்கியிருக்கும். துளையின் மரை, அதாவது உள்ளே வெட்டிய திருகுப் பற்கள், அப்படியே உரிந்து வந்துவிட்டது.

இதைவிடப் போல்ட் உடைந்திருந்தால் எவ்வளவோ மேல். உடைந்தது கண்ணுக்குத் தெரியும், வேறொன்று போட்டுக்கொள்ளலாம். மரை உரிவது அப்படியில்லை. பாதி உரிந்த நிலையிலும் இறுகியதுபோலக் காட்டி, ஓடும் இயந்திரத்தில் பிறகு கைவிடும். செலவும் பெரும்பாலும் போல்ட்டில் இல்லை, துளை இருக்கும் பாகத்தில்தான் இருக்கிறது. அதனால் மரையின் ஆழத்தை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: அளவுக்கு மீறி இறுக்கினால் மரை உரியும் முன்பே போல்ட் உடையுமா?

எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டை எடுத்துக்கொள்வோம். வலிமைத் தரம் 8.8 என்றால், இழுத்து உடைக்கச் சுமார் 4,700 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். இந்த விசையைத் துளையின் மரை தாங்கியாக வேண்டும். துளை எஃகில் இருந்தால் போல்ட்டின் விட்டம் அளவுக்கு, அதாவது 10 மி.மீ. மரை பிடித்தால் பொதுவாகப் போதும். வழக்கமான எம்10 நட்டின் உயரமே 8.4 மி.மீ.தான் என்பதைப் பார்த்தால் இது புரியும். வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். உலோகம் மென்மையாக ஆக, அதே சுமைக்கு அதிகப் பற்கள் தேவைப்படுகின்றன.

சரி, இன்னும் ஆழமாகப் போட்டால் இன்னும் பலம்தானே? இல்லை. சுமையை எல்லாப் பற்களும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. இறுக்கும்போது போல்ட் நீள்கிறது, துளையைச் சுற்றிய உலோகம் வேறுவிதமாக நெளிகிறது, இரண்டின் பல் இடைவெளியும் மயிரிழை அளவுக்கு மாறிவிடுகிறது. அதனால் துளையின் வாய்ப்பக்கம் உள்ள முதல் பல்லே மொத்தச் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அடுத்தடுத்த பற்களுக்குப் பங்கு குறைந்துகொண்டே போகும். ஆறாவது பல்லைத் தாண்டினால் மிஞ்சுவது சொற்பம். போல்ட்டின் பலத்தை மரை எட்டிய பிறகு ஆழத்தைக் கூட்டினால் உழைப்பும், மரை வெட்டும் கருவியான டேப்பும்தான் வீண்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. மரையின் ஆழம் வேறு, போல்ட் உண்மையில் பிடிக்கும் ஆழம் வேறு. அலுமினியக் கட்டையின் மேல் 12 மி.மீ. தகட்டைப் பொருத்துகிறோம், வாஷர் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. போல்ட் போட்டால் கட்டைக்குள் இறங்குவது 16 மி.மீ.தான், நமக்கு வேண்டியதோ 20. 35 மி.மீ. போல்ட் போட்டால் 21 இறங்கும். முதலில் போல்ட், அப்புறம்தான் துளை.

துளை அடியில் மூடியிருந்தால் இன்னும் ஆழம் சேர்க்க வேண்டும். போல்ட்டின் நுனி அடியில் முட்டினால் ஸ்பேனரில் இறுக்கம் தெரியும், தகடோ தளர்வாகவே இருக்கும். அதனால் மேலும் இரண்டு பல்லுக்கு, அதாவது 3 மி.மீ.க்கு முழு மரை வேண்டும்: 24 ஆயிற்று. டேப்பின் நுனி சரிவானது, அந்த இடத்தில் முழுப் பல் விழாது. தொகுப்பில் இரண்டாவதாக இறக்கும் டேப்பில் அது நான்கு பல் இருக்கலாம், ஒன்றரை மி.மீ. வீதம் 6. ஆக 8.5 மி.மீ. ட்ரில்லை 30 மி.மீ. இறக்க வேண்டும், கூம்பு நுனியைச் சேர்க்காமல். சீவல் தங்கவும் கொஞ்சம் இடம் விட்டால் நல்லது. அரைச்சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று டேப்பைத் திருப்பும்போது ஒடியும் சீவல் அடியில்தான் சேரும். அது நிரம்பிய பிறகும் அழுத்தினால் டேப் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

போல்ட் போடும் முன் துளையில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எண்ணெய் அமுங்காது. வெளியேற வழியில்லாமல் போல்ட் அதை அழுத்தும்போது வார்ப்புப் பாகமே விரிசல் விடலாம்.