தூண்டல்: தார்க்குச்சியா, விளக்குத் திரியா?

"ஏன் அம்மிணி, மண்டைக்குக் கரண்டு வெச்சு ஷாக்கு குடுப்பீங்களாமா?"

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், தமிழ் ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. தப்பு அவர் மேல் இல்லை. ஸ்டிமுலேஷன் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் படிவத்தில் 'மின் அதிர்ச்சி' என்று அச்சாகியிருந்தது. மலையாளப் படிவத்தில் 'உத்தேஜனம்' என்று சரியாக இருக்கிறது. பாலக்காட்டு எல்லையில் தமிழ் பேசுகிறவர்களுக்காகத் தனியாகத் தயாரித்த படிவத்தில்தான் யாரோ அவசரத்தில் இப்படிச் செய்துவிட்டார்கள். மூளைத் தூண்டல் ஆய்வில் உதவியாளராக இருக்கிற எனக்கு அன்று அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதிலேயே போனது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்டிமுலேஷனுக்கு வேர் லத்தீனில் இருக்கிற 'ஸ்டிமுலுஸ்'. அதற்குப் பொருள் மாட்டைக் குத்தி ஓட்டும் கூர்முனைக் கோல், அதாவது நம்ம ஊர் தார்க்குச்சி. இலக்கியத் தமிழில் அது தாற்றுக்கோல். தாறு என்பது முனையில் இருக்கும் இரும்பு முள். வண்டி மாடு ஓட்டியவர்கள் வீட்டில் இன்னும் எரவாணத்தில் ஒன்று செருகியிருக்கும். ஆக, ஐரோப்பியர்கள் ஒரு நரம்பை உசுப்புவதற்குப் பேர் வைத்தபோது அந்தப் பேருக்குள் இருந்தது மாடும் முள்ளும்தான்.

தமிழில் நாம் வைத்திருக்கும் 'தூண்டல்' வேறு இடத்திலிருந்து வருகிறது. தூண்டு என்றால் எரிகிற விளக்கின் திரியை மேலே தள்ளிவிடுவது. அதற்கு வைத்திருக்கும் சின்னக் குச்சிதான் தூண்டுகோல். தூண்டிலும் இதே வேர்தான். மகாபலியின் கதையில் இந்தச் சொல் வருவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திருமறைக்காட்டுக் கோயிலில் அணையப்போன விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்கு சுட்டுத் தெரியாமல் திரியைத் தள்ளிவிட, விளக்கு சுடர்விட்டு எரிந்ததாம், அந்தப் புண்ணியத்தில் அடுத்த பிறவியில் அது மகாபலியாகப் பிறந்ததாம். அப்பர் திருக்குறுக்கைப் பதிகத்தில் இந்த எலியைப் பாடும்போது பயன்படுத்தும் வினை 'தூண்ட'. ஓணத்துக்குப் பூக்களம் போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, ஏதோ நம் சொந்தக் கதையைப் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

குத்துவதும் திரியைத் தள்ளுவதும் ஒன்றல்ல. எங்கள் வேலையில் இரண்டுமே நடக்கிறது, அதனால்தான் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். காந்தத்தால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் எனப்படும் முறையை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவும் செய்து காட்டினார்கள். எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குக் காந்தப்புலத்தை எழுப்பினால், மண்டையோட்டைத் தாண்டி உள்ளே மின்னோட்டம் பிறந்து நரம்பணுக்கள் உண்மையிலேயே 'சுடும்', அதாவது மின்துடிப்பை அனுப்பும், எதிர்ப்பக்கக் கட்டைவிரல் துள்ளும். இது தார்க்குச்சி வேலை. பத்து முறையில் ஐந்து முறையாவது தசையில் 50 மைக்ரோவோல்ட் அலை வரவைக்கும் மிகக் குறைந்த அளவைத்தான் அந்த ஆளின் இயக்க வாசல் அளவு என்று குறித்துக்கொள்கிறோம். 'டக் டக்' என்று சத்தம் வரும் என்பதால் காதில் அடைப்பான் கட்டாயம்.

தலைமேல் மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் டிடிசிஎஸ் முறை அப்படியில்லை. உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சு மின்வாய் இரண்டு, 1 அல்லது 2 மில்லியாம்பியர், பெரும்பாலும் 20 நிமிடம், கொஞ்சம் நமநமப்பு. நரம்பணு இதனால் சுடுவதில்லை, சுடத் தயாராகும் நிலை மட்டும் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலுஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மாற்றத்தை டிஎம்எஸ் வைத்துத்தான் அளந்து காட்டினார்கள். அதாவது திரியைத் தள்ளிவிட்டு, தார்க்குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள். எரிகிற விளக்குக்குத் தீ வைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே எரிவதைக் கூட்டினால் போதும் என்ற கருத்து நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, லத்தீன் சொல்லில் அது இல்லை.

'அதிர்ச்சி' ஏன் தவறு என்றால், அது ஞாபகப்படுத்துவது 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று சொல்கிறார்களே, 1938-இல் ரோமில் தொடங்கிய அந்த வலிப்பூட்டும் மின்சிகிச்சையை, அது வேறு. இன்று அதை மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள், வலிப்பை வரவைப்பதுதான் அங்கே நோக்கம். எங்கள் ஆய்வில் வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. வலிப்பு நோய் உண்டா, தலைக்குள் உலோகம் உண்டா, பேஸ்மேக்கர் உண்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி கேட்ட பிறகே ஆளை நாற்காலியில் உட்கார வைக்கிறோம். 'கிளர்ச்சி'யும் ஆகாது, ஊர்வலம் ஞாபகம் வந்துவிடும். 'தூண்டுதல்' என்பதையும் நான் தவிர்க்கிறேன், ஏனென்றால் குற்றத்துக்குத் தூண்டியதாக வழக்கு என்று பேப்பரில் படித்துப் படித்து அந்த வடிவத்தில் ஒரு கறை ஏறிவிட்டது. தூண்டல், துலங்கல் என்ற ஜோடி ஏற்கெனவே உளவியல் பாடநூல்களில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் என்றால் ஃபாரடே 1831-இல் கண்டது, இண்டக்‌ஷன். டிஎம்எஸ் அந்த விதியால்தான் வேலை செய்கிறது, செய்து முடிப்பதும் தூண்டல்தான். ஒரே வரியில் இரண்டும் வந்தால் படிப்பவர் குழம்புவார். அதனால் ஆளைப் பற்றிப் பேசும்போது 'மூளைத் தூண்டல்' என்று முழுதாகவே எழுதிவிடுங்கள்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஷாக்கு இல்லீங்கய்யா, வெளக்குத் திரிய ஏத்தற மாதிரிங்க" என்றேன். "அப்பறம் காயிதத்துல எதுக்கு அப்படிப் போட்டிருக்கு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று அவரிடம் கையெழுத்து வாங்கவில்லை. படிவத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அனுப்பியிருக்கிறோம்.

அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து அனுப்பினேன். ஆய்வில் சிலருக்கு மின்னோட்டத்தை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு, நமநமப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுவோம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பழைய படிவத்தில் அது 'போலித் தூண்டல்'. போலி மருத்துவர், போலி பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏமாற்று என்றே விழும், ஆனால் உங்களுக்கு இதுவும் கிடைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம். நான் 'பாவனைத் தூண்டல்' என்று மாற்றியிருக்கிறேன்.