மெமரி சிப்பும் ஒரு மெல்லிய காற்றுப் படலமும்

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யாரோ பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினேன். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போட்டால் (அதாவது படத்தை உருவாக்கச் சொன்னால்) ஜிபியு என்கிற முதன்மைச் சிப் 68 டிகிரியில் நிற்கிறது, மெமரி மட்டும் 108 காட்டுகிறது. குட்டி அலுமினிய ஹீட்சிங்குகள் பாக்கெட்டாக விற்கிறார்களே, அவற்றை ஒட்டினால் குறையுமா?"

ஹீட்சிங்க் என்பது சூட்டை இழுத்துக் காற்றில் விடும், இதழ் இதழான உலோகத் துண்டு. குறையும். எங்கே ஒட்டுகிறீர்கள், நடுவில் என்ன வைத்து ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

முதலில் இந்தக் கார்டின் அமைப்பு. 2020 செப்டம்பரில் வந்த 3090-இல் 24 ஜிபி மெமரி. ஒரு ஜிபி சிப்புகள் 24. பன்னிரண்டு முன்பக்கம், மீதிப் பன்னிரண்டு பலகையின் முதுகில். முன்பக்கத்தவை ஜிபியுவுடன் சேர்ந்து பெரிய கூலரின் கீழ் இருக்கின்றன. முதுகில் இருப்பவற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற பட்டையான ஒரு தெர்மல் பேட், அதற்கு மேல் பேக்பிளேட் என்கிற தட்டையான உலோகத் தகடு, அவ்வளவுதான். ஃபேன் கிடையாது. 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2022-இல் வந்த 3090 டிஐ-யில் இரண்டு ஜிபி சிப்புகளைப் போட்டு, பன்னிரண்டையும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள்.

சூடானால் மெமரிக்கு என்ன? இந்தக் கார்டில் இருப்பதைப் போன்ற டிராம் வகை மெமரியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடம் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். சாதாரண டிடிஆர்4 மெமரியில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாப் பிட்டுகளையும் புதுப்பிக்கிறார்கள், 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை. புதுப்பிப்பதற்குள் கசிந்துவிட்டால் அந்தப் பிட் தொலைந்தது. திரையில் கோடும் புள்ளியும் வருவது இப்படியும்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். சிப்பின் மேற்பகுதி கண்ணுக்கு வழவழப்பு, ஹீட்சிங்கின் அடிப்பகுதியும் வழவழப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம். புதிதாகக் கொத்திய அம்மி மேல் இன்னொரு அம்மியைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? சில முனைகள் மட்டும் தொடும், மற்ற இடமெல்லாம் காற்று. அந்தக் காற்று நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து போகவும் இடமில்லை. அது கடத்தினால்தான் உண்டு, கடத்துவதிலோ காற்று படு மோசம். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்·கெல்வின் அலகில்) 200-க்கு மேல். நல்ல தெர்மல் பேட் சுமார் 6. காற்று 0.026.

எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு சிப் 14 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம். அது மேல்பக்கமாக 2 வாட் வெப்பத்தைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சூத்திரம்தான்: தடிமனைக் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்து, வாட்டால் பெருக்க வேண்டும். நடுவில் 1 மி.மீ. பேட் இருந்தால் அதைக் கடக்க 2 டிகிரி வித்தியாசம் போதும். பேட் சரியாக உட்காராமல் 0.1 மி.மீ. காற்று மாட்டிக்கொண்டால்? 46 டிகிரி! பேடின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் காற்று, தடையோ இருபது மடங்குக்கு மேல். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ புள்ளி தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். தவறவில்லை.

சிலிக்கோனில் பீங்கான் போன்ற பொடியைக் கலந்து பேட் செய்வதன் நோக்கமே இதுதான். மெத்தென்று அமுங்கிப் பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டும். உங்கள் கார்டு பழையது. 2022 செப்டம்பர் வரை எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் வேலையில் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளம், உங்களுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம். வருடக்கணக்கில் வெந்த பேடிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிந்து, பேட் இறுகிப் போயிருக்கும். அப்புறம் அதன் மேல் எத்தனை ஹீட்சிங்க் வைத்தாலும் சூடு அவற்றிடம் வந்து சேராது.

"செம்பு ஹீட்சிங்க்தானே குளிர்ச்சி?" என்றும் கேட்கிறார்கள். எந்த உலோகத்துக்கும் சுயமாகக் குளிர்ச்சி இல்லை. தொட்டால் ஜில்லென்று இருப்பது நம் விரலின் சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்வதால். சிப் அளவுள்ள குட்டி ஹீட்சிங்கில் 2 மி.மீ. அடித்தகட்டைக் கடக்க அலுமினியத்துக்கு ஆகும் செலவு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. செம்பு அதைப் பாதியாக்கும், அவ்வளவே. எடையோ மூன்று மடங்குக்கு மேல். டவர் கேபினட்டில் கார்டின் முன்பக்கம் தரையைப் பார்த்துத் தொங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வாட்டர் கூலர் மாட்டிய என் பழைய கார்டில், ஆல்கஹாலால் துடைக்காத ஒரு சிப்பின் மேல் ஒட்டிய ஹீட்சிங்க் மூன்றாம் வாரம் கழன்று விழுந்தது. இன்னும் சற்றுத் தள்ளி விழுந்திருந்தால் மின்முனைகளை இணைத்து ஷார்ட் ஆக்கியிருக்கும்.

உங்கள் கார்டில் சிப் மேல் நேரடியாக ஒட்ட இடமில்லை, பேக்பிளேட் மேல்தான் ஒட்ட முடியும். அங்கேயும் ஒரு தோராயக் கணக்கு. பேக்பிளேட் 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 30 வாட் வெப்பம் என்போம். அசையாத காற்றில் அது அறையை விட 80 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டியிருக்கும். கொஞ்சம் வெப்பம் பலகை வழியாகவும் போவதால் நிஜத்தில் குறையும், ஆனாலும் மே மாதத்து மதுரையில் அறையே 35 டிகிரி. ஒரு ஃபேன் ஊதினால் அந்த 80 டிகிரி வித்தியாசம் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும். நமது பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பாடத்தைத் தேர்வுக் கணக்காகவே நடத்தி முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு தெர்மல் கேமரா வாங்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஃபேனைப் போட்டதும் அந்தத் தகடு நிறம் மாறுவதை ஒரு மாணவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

சரி, வரிசை இதுதான். முதலில் கார்டைத் திறந்து இரண்டு பக்கத்துப் பேடையும் மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு என்ன தடிமனோ அதே தடிமன். அதைவிடத் தடித்ததைப் போட்டால் கூலர் ஜிபியுவை விட்டுத் தூக்கிக்கொள்ளும், மெமரியில் குறைந்த சூடு ஜிபியுவில் ஏறும். அடுத்து, பேக்பிளேட் மேல் ஊதும்படி ஒரு ஃபேன். அதற்கும் பிறகு தேவைப்பட்டால் ஹீட்சிங்குகள். ஜிபியுவைச் சுற்றிய பகுதியில், இதழ்கள் காற்று போகும் திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். ஹீட்சிங்கை ஒட்டும் தெர்மல் டேப்பைப் பேடை விட மெல்லியதாக இருக்கும்படி பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கேபினட்டில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு அதே ரெண்டரை ஓட்டி, என்ன டிகிரி காட்டுகிறது என்று எழுதுங்கள்.